இலை மஞ்சளானால் உரம் மட்டும்தானா காரணம்?

(சாயல்குடியில் மிளகாய் விவசாயிகளும் பள்ளி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் செடி மஞ்சளடித்தால் நாம் இன்னும் நேராக உரக்கடைக்குத்தான் ஓடுகிறோம். அந்தக் காசு பல நேரம் வீணாகிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம். அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சும் தண்ணீர் கசக்குமே, அந்தக் கசப்புக்கு முக்கியக் காரணமும் இதே மெக்னீசியம்தான். மண்ணில் அது இருந்தால் மட்டும் போதாது. அதை எடுத்துப் பச்சையத்துக்குள் பொருத்த ஒரு நொதி வேண்டும். மூன்று வகைப் புரதங்கள் சேர்ந்த நொதி அது. அவற்றுக்கான மரபணுக்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. செல்லுக்குள் பச்சையம் இருக்கும் சிறு உறுப்பான பசுங்கணிகத்துக்குச் சொந்தமாக நூற்றுச் சொச்சம் மரபணுக்கள்தான். அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை உட்கருவின் உத்தரவில்தான் உருவாகின்றன.

சரி, உத்தரவு எப்படிப் போகிறது? மூலப்பத்திரம் பதிவு அலுவலகத்திலேயே இருக்கும், நகலை வைத்துத்தானே வேலை நடக்கும்? மூலம் மரபணு, அந்த நகல்தான் ஆர்.என்.ஏ., வேதி எழுத்துகள் கோத்த ஒரு இழை. மூலத்தைத் தொடாமல் நகலை மட்டும் வெட்டிப் போட்டால் மரபணு இருந்தும் பயனில்லை. மரபணுவை இப்படி வேலை செய்யவிடாமல் தடுப்பதை மரபணு ஒடுக்கம் என்பார்கள்; அதில் முக்கியமான ஒரு வழி இது.

இதைச் செடியே செய்கிறது, வைரஸை எதிர்க்க. வைரஸ் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகும். செடி அதை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். பிறகு அந்தத் துண்டை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் நகல் எங்கே இருந்தாலும் தேடி வெட்டும்.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கரோட்டின் போன்ற மஞ்சள் நிறமிகளை உண்டாக்கும் ஒரு மரபணுவின் துண்டை, வீரியம் குறைந்த வைரஸில் ஏற்றிச் செடிக்குள் விடுவார்கள். மிளகாயிலும் செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே விரிந்த கீழ் இலைகள் பச்சையாகவே நிற்கும். அப்புறம் வரும் தளிர்கள் நரம்போரம் வெளுக்கத் தொடங்கிப் பால்வெள்ளையாகிவிடும். பச்சைய மரபணுவைத் தொடவே இல்லை, ஆனாலும் பச்சை போய்விட்டது! வெயிலின் உக்கிரத்திலிருந்து பச்சையத்தைக் காப்பது அந்த மஞ்சள் நிறமிகள்தான். காவல் போனதும் வெளிச்சமே பச்சையத்தை அழித்துவிடுகிறது. பசுங்கணிகத்துக்குள் அடுக்கடுக்காக அமைய வேண்டிய சவ்வுகளும் உருவாகாமல் போகின்றன.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வெள்ளரித் தேமல் வைரஸோடு சில சமயம் ஒட்டுண்ணியாக ஒரு குட்டி ஆர்.என்.ஏ. வரும். நீளம் நானூறு எழுத்துகூட இல்லை. அதில் ஒரு வகை புகையிலையைப் பளிச்சென்று மஞ்சளாக்கும். ஏன் என்பது 2011-இல் தெரிந்தது. செடி அந்த ஆர்.என்.ஏ.வை நறுக்குகிறது, அதில் 22 எழுத்துப் பகுதி ஒன்று, சற்றுமுன் சொன்ன நொதியின் மரபணுவோடு பொருந்திவிடுகிறது. எதிரிக்கு ஓங்கிய அரிவாள் தன் நகலையே வெட்டுகிறது. மெக்னீசியத்தைப் பொருத்த ஆள் இல்லை, இலை மஞ்சள். எழுத்துகளைச் சற்று மாற்றிய மரபணுவைப் புகையிலைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், மஞ்சள் வரவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினிக்கு மஞ்சள் நிறம் என்றால் ஈர்ப்பு. அதனால்தானே நாம் மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கிறோம்? வைரஸைச் சுமப்பதும் அதே அசுவினிதான். மஞ்சளான செடி அதை அழைக்கிறது, அங்கிருந்து நோய் அடுத்த செடிக்குப் போகிறது.

மிளகாயில் வரும் மஞ்சள் எல்லாம் இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. மெக்னீசியக் குறைவு இருந்தால் மஞ்சள் கீழே, முதிர்ந்த இலையில், நரம்புகளுக்கு நடுவே தொடங்கும். அதற்கு உரம் கேட்கும். தளிரிலேயே தேமலும் சுருக்கமும் தெரிந்தால் உரப்பையைத் திறக்காதீர்கள். இலையைத் திருப்பி அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் இருக்கிறதா பாருங்கள். தேமல் பிடித்த செடி ஒன்றிரண்டாக இருக்கும்போதே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.