ஆறு ஓடுகிற மாதமும் அறிக்கை எழுதுகிற மாதமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டெல்டாவில் சில பேரூராட்சிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பேரூராட்சியில் மாதாமாதம் எழுதுகிற முன்னேற்ற அறிக்கையைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார்கள், சரி என்றேன். தலைப்பைக் கேட்டதும் கொட்டாவி வரும், தெரியும். ஆனால் உங்கள் தெருக் குழாயில் ஏன் தண்ணீர் நூலாக வருகிறது, போன வருஷம் தோண்டிய வடிகால் ஏன் இன்னும் அப்படியே கிடக்கிறது என்று கேட்டால், பதிலில் பாதி அந்த அறிக்கையில் எழுதிய இடத்தில் இருக்கும், மீதிப் பாதி எழுதாமல் விட்ட இடத்தில் இருக்கும்.

பாபநாசம், வலங்கைமான், குடவாசல், பேரளம், குத்தாலம் என்று எந்த ஊரை எடுத்தாலும் மாதக் கடைசியில் நடப்பது ஒன்றுதான். குடிநீர், சுகாதாரம், தெருவிளக்கு, வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு, திட்டப் பணிகள் என ஒவ்வொரு பிரிவிலிருந்தும் கணக்கு வந்து செயல் அலுவலர் மேசையில் சேரும். அதை எடுத்துக்கொண்டு அவர் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் நடத்துகிற ஆய்வுக் கூட்டத்துக்குப் போவார். வரவு செலவுக் கணக்கு மன்றக் கூட்டத்தில் ஆரம்பத்திலேயே வைக்கப்படும். ஒருவர் மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டு போவார், "மன்றம் அங்கீகரிக்கிறது" என்று ஒரு குரல் கேட்கும், டீ வரும், அடுத்த பொருள். அவ்வளவு வேகத்தில் ஓடிப் போகிற காகிதத்தில்தான் ஊரின் ஒரு மாதம் இருக்கிறது.

திட்டப் பணிகளுக்கு இரண்டு கட்டம் போட்டிருக்கும். வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்பது ஒன்று, பணம் எத்தனை சதவீதம் கொடுத்தாயிற்று என்பது இன்னொன்று. அலுவலகத்தில் பிசிக்கல், பைனான்ஷியல் என்போம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலை 80, பணம் 45 என்றிருந்தால் ஒப்பந்தக்காரருக்குப் பில் பாக்கி நிற்கிறது, அவர் சீக்கிரமே ஆட்களையும் கலவை மிஷினையும் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார், அப்புறம் அவரைத் திரும்பக் கூட்டி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பணம் 80, வேலை 45 என்றிருந்தால் அது என்ன விவகாரம் என்று நான் வானொலியில் விளக்க வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மற்ற மாவட்டங்களில் எப்படியோ, டெல்டாவில் இந்த அறிக்கையை ஆற்றை மறந்துவிட்டுப் படிக்க முடியாது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடுவது வழக்கம். எல்லா வருஷமும் அந்தத் தேதியில் நடப்பதில்லை, அது அணையில் இருக்கிற தண்ணீரைப் பொறுத்தது. திறந்த தண்ணீர் சில நாட்களில் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அங்கிருந்து குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என ஊர் ஊராக இறங்கும். நடுவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக, பூமி காய்ந்து, வாய்க்கால் வற்றி, மூன்று அடி தோண்டினாலும் தண்ணீர் ஊறாமல் நிம்மதியாகக் கான்கிரீட் போடக்கூடிய காலம் என்று பார்த்தால் பிப்ரவரியிலிருந்து மே வரைதான். அதற்கு நடுவில் மார்ச் 31 வந்துவிடும், நிதியாண்டுக் கணக்கை முடிக்கிற அவசரத்தில் அலுவலகமே பில் எழுதிக்கொண்டிருக்கும்.

ஒரு வடிகால் கட்ட வேண்டுமென்றால் முதலில் மன்றத் தீர்மானம், அப்புறம் எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி (எஸ்டிமேட்டைப் பொறியாளர் சரிபார்த்துத் தருகிற ஒப்புதல்), டெண்டர், அதற்குப் பிறகு வேலை உத்தரவு. யாரும் தாமதம் செய்யாவிட்டாலும் இதெல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். அப்படியானால் மாசி மாதம் கடப்பாரை விழ வேண்டிய வேலைக்கு ஆவணியிலேயே, பிந்தினால் ஐப்பசிக்குள்ளாவது, தீர்மானம் போட்டிருக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். வருஷத் தொடக்கத்தில் நிதி ஒதுக்குகிறார்கள், கோடை முழுக்கக் காகிதம் நடக்கிறது, செப்டம்பரில் வேலை உத்தரவு கையெழுத்தாகிறது. அந்த மாத அறிக்கையைப் பார்த்தால் அருமையாக இருக்கும், அத்தனை பணிக்கும் உத்தரவு வழங்கப்பட்டது என்று. ஒப்பந்தக்காரர் ஐப்பசியில் பொக்லைனைக் கொண்டுவந்து தெருவைத் தோண்டுவார். இரண்டு நாள் மழை பெய்யும். பள்ளம் நிரம்பும், பக்கத்து வீட்டுத் திண்ணையோரம் மண் சரியும், அந்த வீட்டுப் பாட்டி பலகை போட்டுத்தான் வெளியே வர வேண்டும், கம்பி கட்டியதெல்லாம் சேற்றில் துருப்பிடிக்கும். தை பிறக்கும்வரை அறிக்கையில் அதே 20 சதவீதம், அதே "பணி நடைபெற்று வருகிறது". எதுவும் நடைபெறவில்லை என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

அதனால் உங்கள் ஊர்க் கவுன்சிலரைப் பார்த்தால் இந்த மாதம் என்ன வேலை முடிந்தது என்று கேட்பதைவிட, வரப்போகிற கோடைக்கு எந்தெந்த வேலைக்குத் தொழில்நுட்ப அனுமதி வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சுலபமாகப் பதில் வரும். இரண்டாவது கேள்விக்கு அவர் உள்ளே போய்ப் பைலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

வடிகாலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் பாதிச் சண்டை அதில்தான். நம் பூமி தட்டை. சரிவு கண்ணுக்கே தெரியாது. டம்பி லெவல் என்கிற மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்க்காமல், கொத்தனார் கண் மட்டத்தை நம்பிக் கட்டின வடிகாலில் தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும், கொசு முட்டையிடும். சரி, சரிவு சரியாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் கடைசியில் ஏதோ ஒரு வாய்க்காலில்தான் விழ வேண்டும். அந்த வாய்க்கால் பெரும்பாலும் நீர்வளத்துறையுடையது, பேரூராட்சியுடையது அல்ல. கட்ட வேண்டிய வடிகால் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 360 மீட்டர் முடிந்து 90 சதவீதம் என்று அறிக்கை சொல்லும். மிச்சம் 40 மீட்டர் எது? வாய்க்காலோடு சேருகிற இடம். அதற்கு இன்னொரு துறையின் அனுமதி வேண்டும், அல்லது நடுவில் யாரோ கொட்டகை போட்டிருப்பார். அந்த 40 மீட்டர் இல்லாத வடிகால், நீளமான ஒரு சாக்கடைத் தொட்டி, அவ்வளவுதான். இன்னொன்று, ஆற்றில் முழு அளவு தண்ணீர் ஓடும்போது வாய்க்கால் மட்டம் வடிகால் மட்டத்தைவிட மேலே போய்விடும், ஊர்த் தண்ணீர் வெளியே போகாதது மட்டுமல்ல, வெளித் தண்ணீர் தெருவுக்குள் எதிர்த்து ஏறும். சதவீதத்தை விடுங்கள், தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழுகிறது என்று கேளுங்கள்.

குடிநீருக்கு வருவோம். இங்கே பல ஊர்களுக்குக் கொள்ளிடம் ஆற்றுப் படுகையிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது, வேதாரண்யம் வரை போகிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு, வேறு வழியில்லை. நகரங்களுக்கான மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேட்டில் பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர், இருக்கிற ஊர்களுக்கு 135 லிட்டர் என்று கணக்குச் சொல்லியிருந்தார்கள். 70 என்றே வைத்துக்கொண்டாலும் நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 280 லிட்டர், நம் பிளாஸ்டிக் குடத்தில் 18, 19 குடம். உங்கள் வீட்டில் ஒரு வாரம் குடத்தை எண்ணிப் பாருங்கள். அறிக்கையில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இத்தனை லட்சம் லிட்டர் வழங்கப்பட்டது என்றிருக்கும், அதை ஊர் மக்கள்தொகையால் வகுத்தால் கணக்கு அழகாகச் சரியாக வரும். ஆனால் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் மோட்டாரைக் குழாயிலேயே மாட்டி உறிஞ்சுகிறவர்கள் இருக்கும்வரை, கடைசித் தெருவில் அந்தச் சராசரி யாருடைய குடத்தையும் நிரப்பாது. (அந்த மோட்டாரை வைத்திருப்பவர்தான் பேரூராட்சி சரியில்லை என்று டீக்கடையில் சத்தமாகப் பேசுவார், அது வேறு கதை.)

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். குளோரின் கலந்த தண்ணீர் கடைசி வீட்டுக் குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். அதைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து சில சொட்டு விடுவார்கள், மஞ்சள் நிறம் வரும், பக்கத்தில் இருக்கிற நிற அட்டையோடு ஒப்பிடுவார்கள். இதைத் தொட்டிக்குக் கீழேயே பிடித்துப் பார்த்தால் எப்போதும் நல்ல மஞ்சள்தான் வரும். பணியாளர் வந்தால் கோபப்படாமல், அண்ணே, எங்கள் தெருக் கோடிக் குழாயில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள் என்று கூப்பிடுங்கள். மேல்நிலைத் தொட்டியின் தூணில் சுத்தம் செய்த தேதியும் அடுத்துச் செய்ய வேண்டிய தேதியும் பெயின்டில் எழுதியிருக்கும், போகிற வழியில் நிமிர்ந்து பாருங்கள். பழைய தேதியின் மேலேயே புதுத் தேதி எழுதி எழுதி எண்ணே தெரியாமல் போயிருந்தால் அது நல்ல அறிகுறி. போன பொங்கல் தேதி பளிச்சென்று தெரிந்தால் கேட்க வேண்டியதுதான்.

குப்பைக்கு எத்தனை டன் அள்ளினோம் என்று எழுதுவார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தரம் பிரிக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதிகளிலேயே வந்துவிட்டது, வளம் மீட்புப் பூங்கா என்று பெயர் வைத்து உரம் தயாரிக்கிற இடமும் இருக்கிறது. எத்தனை டன் உள்ளே போனது என்பதோடு எத்தனை மூட்டை உரம் வெளியே வந்தது, யார் வாங்கினார்கள் என்பதையும் கேட்டால்தான் நடுவில் என்ன ஆனது என்று தெரியும். உரம் வெளியே வரவில்லை என்றால் அந்தக் குப்பை ஆற்றங்கரையில் எங்காவது புகைந்துகொண்டிருக்கும். அப்புறம் இந்தக் கட்டத்தில் இல்லாத ஒரு கேள்வி: தூய்மைப் பணியாளர்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் போட்டார்கள்? கையுறை, பூட்ஸ் கடைசியாக எப்போது கொடுத்தார்கள்? செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், லாரிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். அந்த லாரி கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதையும் அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்தால் பல வாய்க்கால்கள் பிழைக்கும்.

தெருவிளக்கைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு பேரூராட்சியுடையது. கம்பத்து எண்ணைக் குறித்து எழுத்தில் கொடுத்தால் அலைச்சல் குறையும்.

எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை, பணம் வந்ததே என்று கேட்பவர்களுக்காக ஒன்று. 2021-22 முதல் 2025-26 வரையிலான 15ஆவது நிதிக்குழு மானியத்தில், நம் மாதிரிச் சின்ன ஊர்களுக்கு வந்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். அதை எடுத்து ரோடு போட முடியாது. மிச்சம் 40 சதவீதத்தில்தான் எல்லாக் கவுன்சிலரும் இழுபறி. ரோடு போட்டாலும் சம்பா அறுவடையில் அதன் முதல் உபயோகம் நெல் காயவைப்பது என்பது வேறு.

ஊருக்குச் சொந்த வருமானம் என்றால் சொத்து வரிதான் பெரிசு. ஏப்ரல் 1, அக்டோபர் 1 என இரண்டு அரையாண்டு. தொடங்கின முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அறிக்கையில் வரி வசூல் சதவீதத்தைப் பார்க்கும்போது நடப்பு எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். நடப்பில் ஏழை வீடுகள் ஒழுங்காகக் கட்டியிருக்கும். நிலுவையில் யார் பெயர் வருஷக்கணக்காக நிற்கிறது என்று பார்த்தால் சில சமயம் மன்றக் கூட்டமே அமைதியாகிவிடும்.

சரி, இதையெல்லாம் யாரிடம் கேட்பது, காட்டுவார்களா என்பீர்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது, 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். நகல் வாங்குவதற்கு மட்டும்தான் அந்தச் சட்டம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் 2ஆம் பிரிவின் ஜே உட்பிரிவில், நடக்கிற பணியை நேரில் ஆய்வு செய்யவும், போடுகிற பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது. ஆகவே உங்கள் தெருவில் கான்கிரீட் போடுகிற வேலைக்கு எஸ்டிமேட்டும், வேலை உத்தரவும், அளவுப் புத்தகத்தின் நகலும் கேளுங்கள். அளவுப் புத்தகம், அதாவது எம்.புக், முக்கியம். அறிக்கையில் சதவீதம்தான் இருக்கும், எம்.புக்கில் நீளம், அகலம், கனம், அளந்த தேதி, அளந்தவர் கையெழுத்து எல்லாம் இருக்கும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்த விண்ணப்பத்தை ஜனவரியில் கொடுத்துவிட்டால் பிப்ரவரியில் வேலை தொடங்கும்போது காகிதம் உங்கள் கையில் இருக்கும். மே மாதம் கொடுத்தால் பதில் வருவதற்குள் மேட்டூர் திறந்துவிடும்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.