புள்ளியாக வரைந்த மூட்டு

நண்பர்களே, கையில் ஒரு ஷாம்பு பாக்கெட் கொண்டுவந்திருக்கிறேன். மேடையில் குளிக்கப்போகிறேனோ என்று பயப்பட வேண்டாம். இதன் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கிறது, பாருங்கள். மற்ற பக்கத்தைப் பல்லால் கடித்து இழுத்தாலும் பிரியாது. வெட்டு இருக்கும் இடத்தில் இரண்டு விரல் போதும்.

1994 ஜனவரி 17, விடியற்காலை 4.31. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவில் பூகம்பம். வெல்டிங் மூட்டு போட்ட எஃகுச் சட்டகக் கட்டடங்கள் ஒன்றுகூட விழவில்லை. எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் பீமும் தூணும் சேரும் இடத்தில் தீத்தடுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தால், வெல்டிங்கில் விரிசல்! நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில். சிலவற்றில் விரிசல் தூணுக்குள்ளேயே ஓடியிருந்தது. எஃகு நெளியும், ஆனால் சட்டென்று உடையாது என்று நம்பித்தான் அவற்றைக் கட்டியிருந்தார்கள்.

சரி, கட்டடத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் கணினி என்ன செய்தது? அதற்குப் பீம் ஒரு கோடு, தூண் ஒரு கோடு, இரண்டும் சந்திப்பது ஒரு புள்ளி. கட்டடம் எவ்வளவு சாயும் என்று கேட்டால் ஓரளவு நன்றாகவே சொல்லும். புள்ளிக்குள் என்ன நடக்கிறது என்று அதனிடம் கேட்கவே முடியாது.

அதன் பிறகுதான் மூட்டை ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து, முப்பரிமாணத்தில் மாதிரி செய்து பார்த்தார்கள். வளைவை ஃபிளாஞ்ச் (I வடிவப் பீமின் மேல், கீழ்த் தகடுகள்) தாங்கும், வெட்டுவிசையை (குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையை) வெப் (நடுவில் நிற்கும் தகடு) தாங்கும் என்று வகுப்பில் நாங்கள் சொல்லித் தருகிறோமே, தூணின் முகத்தில் அது செல்லுபடியாகவில்லை. அங்கே வெட்டுவிசையில் பெரும்பங்கு ஃபிளாஞ்ச் வழியாகவே போகிறது.

இன்னொன்று, ஷாம்பு பாக்கெட் சமாச்சாரம். ஃபிளாஞ்சை வெல்டு செய்யும்போது, உருகிய உலோகம் ஒழுகாமலிருக்க அடியில் ஓர் எஃகுப் பட்டை வைப்பார்கள். வேலை முடிந்ததும் அதை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். பட்டைக்கும் தூணுக்கும் நடுவே நூலிழை இடைவெளி. பாக்கெட்டின் ஓரத்து வெட்டு மாதிரிதான் அது. கீழ் ஃபிளாஞ்சில் விரிசல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பின. போதாக்குறைக்கு, அன்று பரவலாகப் பயன்பட்ட வெல்டிங் கம்பியில் விரிசலைத் தடுக்கும் உரமும் குறைவு.

இந்த இடைவெளியை மாதிரியில் வரையும்போதுதான் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இடைவெளியின் முனையில் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் விசை, எவ்வளவு என்று கேட்டால் ஓர் எண் வரும். வலைக்கண்ணியை, அதாவது மாதிரியைப் பிரித்த துண்டுகளின் அளவை, பாதியாக்கினால் எண் கூடும். மறுபடி பாதியாக்கினால் மறுபடியும் கூடும், நிற்கவே நிற்காது. திரையில் சிவப்பாகத் தெரிகிறது என்று ரிப்போர்ட்டில் ஒட்டிவிட்டு வருகிறார்கள். கூர்முனையில் தகைவைப் படிப்பதில் அர்த்தமில்லை. விரிசல் வளருமா என்று, விரிசல்களையே ஆராயும் முறிவு இயக்கவியல் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

2000-இல் வந்த வழிகாட்டு நெறிகள் கீழ் ஃபிளாஞ்சின் அடியில் விட்ட அந்தப் பட்டையை எடுக்கச் சொல்லின. தூணிலிருந்து சற்றுத் தள்ளி ஃபிளாஞ்சை இருபுறமும் வில்போல வளைவாகச் செதுக்கி, பீம் அங்கேயே நெளியட்டும் என்று விடும் முறையும் பரவியது. எதுவானாலும் கணினிப் படத்தை மட்டும் காட்டி அனுமதி வாங்க முடியாது. முழு அளவு மூட்டை ஆய்வுக்கூடத்தில் முன்னும் பின்னும் ஆட்டி, 0.04 ரேடியன் வரை தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்று மீட்டர் உயர மாடி பக்கவாட்டில் 12 சென்டிமீட்டர் சாய்வதற்குச் சமம் அது.