செக்கு எண்ணெயும் விலைக் கட்டமும்

நேயர்களுக்கு வணக்கம். சிறு உற்பத்தியாளர்கள் இணையத்தில் கடை திறக்கும்போது உடனிருந்து உதவுவது என் வேலை. படம் எடுக்கவும் பெயர் வைக்கவும் நாள்கணக்கில் செலவிடுகிறார்கள். விலையை மட்டும் கடைசி அரைமணி நேரத்தில் அவசரமாக நிரப்புகிறார்கள். பல கடைகள் தடுமாறுவது அந்த அரைமணி நேரத்தில்தான். என் சித்தியின் மரச்செக்கு எண்ணெய்க் கடையை வைத்தே இதைச் சொல்கிறேன்.

காங்கேயம் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடைக்கு யார் வந்தாலும் சித்தி மூன்று கேள்விகள் கேட்பார். என்ன எண்ணெய்? எவ்வளவு? பாத்திரம் கொண்டுவந்திருக்கிறீர்களா? பதில் வந்ததும் விலை சொல்வார். இணையத்தில் கடை போட்டபோது இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் தேர்வுகளாக அடுக்கிவிட்டேன். எண்ணெய் மூன்று வகை, அளவு மூன்று, பாட்டில் அல்லது டின் என்று இரண்டு. பெருக்கினால் பதினெட்டு. பதினெட்டு விலை, பதினெட்டு இருப்புக் கணக்கு. பக்கத்தின் தலைப்போ வெறும் ‘மரச்செக்கு எண்ணெய்’. கடலை எண்ணெய் தேடி வருகிறவர் கண்ணில் அது படவே இல்லை.

பிறகு பிரித்தோம். சமையலில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஊற்ற மனம் வராது என்றால் அது தனிப் பொருள். அதற்குத் தனிப் பக்கம் வேண்டும். அளவும் கலமும் மட்டும் தேர்வுகளாக நின்றன. ஐந்து லிட்டர் கண்ணாடி பாட்டில் எங்களிடம் கிடையாது. இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் போன்ற மென்பொருளில் விலையை நிரப்பாமல் விட்டால் அந்த வகை விற்பனைக்கு வராது. அப்படி விடுவதைவிட நீக்கிவிடுவதே நல்லது. இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுக்கவைத்து, பிறகு இல்லை என்று சொல்வது வாசல்வரை வந்தவரைத் திருப்பி அனுப்புவது போன்றது.

விலைக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, ஒரு லிட்டர் நல்லெண்ணெய் 420 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் 210 தானே என்று சித்தி கேட்டார். மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, பொட்டலம் கட்டும் கூலி எதுவும் அளவு பாதியானால் பாதியாவதில்லை. அதனால் அரை லிட்டருக்கு 225 வைத்தோம். ஐந்து லிட்டர் டின்னுக்கு 2,050. லிட்டர் கணக்கில் பார்த்தால் 450, 420, 410. இந்தக் கணக்கை வாங்குகிறவர் போட்டுப் பார்க்கும்படி விடாதீர்கள், நீங்களே எழுதிவிடுங்கள். பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளும் அலகு விலையைக் கேட்கின்றன: ஒரு லிட்டருக்குக் குறைந்தால் மில்லிலிட்டர் கணக்கில், கூடினால் லிட்டர் கணக்கில். ‘டின் என்றால் கூடுதலாக இவ்வளவு’ என்று தொங்கவிடாமல், ஒவ்வொரு வகைக்கும் முழு விலையைப் போடுவதே நேர்மை என்று நினைக்கிறேன்.

வரி பற்றிய கட்டத்தை இருமுறை பாருங்கள். பொட்டலத்தில் அச்சிடும் அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். மென்பொருளில் ‘வரி உட்பட’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், அதே 420 ரூபாய்மேல் 5 சதவீதம் ஏறி, பணம் கட்டும் இடத்தில் 441 என்று நிற்கும். அது அச்சிட்ட விலைக்கு மேல் விற்ற குற்றமாகிவிடும்.

நான் செய்த இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். ஐந்து லிட்டர் டின்னுக்கு எடைக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். எண்ணெய் மட்டுமே நாலரைக் கிலோவுக்கு மேல் வரும். மென்பொருளோ அதற்கு எடையே இல்லை என்று எடுத்துக்கொண்டு, மிகக் குறைந்த அனுப்புக் கட்டணத்தைக் காட்டியது. ஆறு டின்கள் அப்படியே போய்ச் சேர்ந்தன. மிச்சக் கூலியைச் சித்திதான் கட்டினார்.

கண்ணாடி பாட்டிலில் வேறொரு சிக்கல். கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து ஓர் எடை காண்பார்கள். இந்த எடை, தராசு காட்டும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. உடையாமலிருக்க மெத்தை வைத்த பெட்டி 20, 20, 40 என்றால் கணக்கில் 3.2 கிலோ. தராசில் வைத்தால் இரண்டு கிலோகூட இராது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பாட்டில் விலையையும் பெட்டியின் அளவையும் மாற்றினோம்.

குறைந்த விலையைக் காட்டி ஆளை உள்ளே இழுத்து, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டணம் ஏற்றும் வழக்கம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தடுத்த 13 ஏமாற்று முறைகளில் இதுவும் ஒன்று. வாங்குகிறவருக்குத் தெரியாமல் கூடையில் பொருள் சேர்ப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. போட்டியாளர் செய்கிறார் என்பதற்காக நீங்கள் இறங்காதீர்கள்.

எல்லாம் முடித்தபின் சித்தி ஒரு காரியம் செய்தார். கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கடைக்கு வழக்கமாக வரும் ஒரு பாட்டியிடம் விலைகளை உரக்க வாசித்துக் காட்டினார். பாட்டி கேட்டுவிட்டு, “டின்னுக்குத் தனியாகக் காசா?” என்றார். அன்று மாலையே விலைக்குக் கீழே ‘டின் விலை உட்பட’ என்று ஒரு வரி சேர்த்தோம்.

நன்றி, வணக்கம்.