நட்சத்திரத்துக்கு நட்சத்திரம்: என்பிஏ வீரர் பரிமாற்றத்தை எடைபோடுவது எப்படி?

[திரையில்: டான்சிச், டேவிஸ் இருவரின் படங்கள், கீழே வயதும் 2024-25 பருவத்தின் சம்பளமும்]

2025 பிப்ரவரி 1ஆம் தேதி, டல்லாஸ் நகரில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் எவரும் எதிர்பாராத செய்தி ஒன்று வெளியானது. டல்லாஸ் மேவரிக்ஸ் அணி தன் முதன்மை வீரர் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, ஆந்தனி டேவிஸையும், மேக்ஸ் கிறிஸ்டி என்ற இளம் வீரரையும், 2029ஆம் ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு (தொடருக்குள் புதிதாக வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும்போது, முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை) ஒன்றையும் பெற்றுக்கொண்டது. எட்டு மாதங்களுக்கு முன்புதான் டான்சிச் அந்த அணியை இறுதிச் சுற்றுக்கு அழைத்துச் சென்றிருந்தார்.

செய்தி வந்த கணத்திலிருந்து ரசிகர்கள் விவாதித்தது, இருவரில் யார் சிறந்த வீரர் என்பதைத்தான். அந்தக் கேள்வி தேவையானதே, ஆனால் அது மட்டும் போதாது. பரிமாற்றத்தில் ஓர் அணி வாங்குவது ஒரு வீரரின் வரவிருக்கும் சில ஆண்டுகளை. அந்த ஆண்டுகள் எத்தனை, அவற்றில் அவர் உடல் எப்படி ஒத்துழைக்கும், அதே ஆண்டுகளில் கோப்பையை வெல்லும் வாய்ப்பு அந்த அணிக்கு இருக்கிறதா என்ற கேள்விகளை வைத்தே கணக்கைத் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம், ஏனெனில் அதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. 2024-25 பருவத்தில் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு சுமார் 14.06 கோடி டாலர். அந்த வரம்பைக் கடந்த அணி ஒரு பெரிய வீரரைப் பெற விரும்பினால், பொதுவாக அவருடைய சம்பளத்துக்கு ஈடுகட்டும் அளவிலான சம்பளத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும். தொடருக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே 2023இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இதை மேலும் இறுக்கியது. 'ஏப்ரன்' எனப்படும் மேல்வரம்புகளைத் தாண்டிய அணிகள், தாம் அனுப்புவதைவிடக் கூடுதலான சம்பளத்தைப் பெற்றுக்கொள்ள முடியாது. சம்பளம் ஒன்றுபோல் உள்ள இரு நட்சத்திரங்களை மாற்றிக்கொள்வது இந்த விதிகளின் கீழ் எளிதாகிறது.

ஆனால் ஒத்த சம்பளம் ஒத்த மதிப்பைக் காட்டுவதில்லை. தனிமனிதச் சம்பளத்துக்கும் என்பிஏவில் ஒரு கூரை உண்டு: ஆறு ஆண்டுகள் வரை ஆடியவருக்கு உச்சவரம்பில் 25 சதவீதம், ஏழு முதல் ஒன்பது ஆண்டுகள் ஆடியவருக்கு 30 சதவீதம், அதற்கு மேல் 35 சதவீதம் என்பது பொது விதி. இந்தக் கூரை இருப்பதால், உலகின் தலைசிறந்த வீரரும் அவருக்குப் பல படிகள் கீழே இருப்பவரும் ஏறக்குறைய ஒரே தொகையைப் பெற நேர்கிறது. அந்தப் பருவத்தில் டான்சிச், டேவிஸ் இருவருக்கும் சுமார் 4.3 கோடி டாலர் சம்பளம். கணக்கேட்டில் இருவரும் சமம். ஆனால் டான்சிச்சுக்கு அப்போது வயது 25, டேவிஸுக்கு 31. பெரும்பாலான வீரர்கள் இருபதுகளின் நடுவிலும் பிற்பகுதியிலும் உச்சத்தை அடைகிறார்கள் என்னும்போது, டல்லாஸ் கொடுத்தது இன்னும் திறக்கப்படாத ஆண்டுகளை. பெற்றதோ முடிவை நோக்கிச் செல்லும் ஆண்டுகளை.

டல்லாஸின் தரப்பையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். டான்சிச்சுக்கு 2025 கோடையில் ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் அளவிலான சிறப்பு ஒப்பந்தத்தைப் பெறும் தகுதி வரவிருந்தது. அவருடைய உடல்தகுதி குறித்து ஐயம் கொண்டிருந்த நிர்வாகம், அந்தச் சுமையை ஏற்கத் தயங்கியது. தடுப்பாட்டமே கோப்பைகளை வெல்லும் என்று பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன் விளக்கினார். டேவிஸ் அந்தத் துறையில் மிகச் சிறந்தவர் என்பதிலும் ஐயமில்லை. அதாவது, நீண்ட காலத்தைக் கொடுத்து, உடனடியான மூன்று நான்கு ஆண்டுகளை வாங்க டல்லாஸ் முடிவெடுத்தது.

[திரையில்: 2018, டொரான்டோ - சான் ஆன்டோனியோ]

குறுகிய காலத்தை வாங்குவது தன்னளவில் தவறில்லை என்பதற்கு டொரான்டோ ராப்டர்ஸ் சான்று. 2018 ஜூலையில் அந்த அணி, ஒன்பது பருவங்கள் தனக்காக ஆடிய டிமார் டிரோசனை சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸுக்கு அனுப்பிவிட்டு, காவை லெனர்டைப் பெற்றது. லெனர்ட் முந்தைய பருவத்தில் காயத்தால் ஒன்பது ஆட்டங்களில் மட்டுமே ஆடியிருந்தார். ஓராண்டில் விலகிச் செல்லும் உரிமையும் அவரிடம் இருந்தது. ஆனால் சூழலைக் கவனியுங்கள். டொரான்டோ முந்தைய பருவத்தில் 59 ஆட்டங்களை வென்ற வலுவான அணி. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதைப் பிளேஆஃபில் (வழக்கமான பருவத்துக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்றுகளில்) வீழ்த்தியது லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்து. அந்த ஜேம்ஸும் அதே மாதம், இறுதிச் சுற்றுக்கு முன் டொரான்டோ பிளேஆஃபில் சந்திக்க முடியாத மேற்குப் பிரிவுக்குச் சென்றுவிட்டார். அந்த ஓர் ஆண்டின் மதிப்பு டொரான்டோவுக்கு வேறெந்த ஆண்டையும்விட அதிகம். 2019இல் கோப்பை வந்தது, லெனர்ட் இறுதிச் சுற்றின் சிறந்த வீரரானார், அடுத்த மாதமே கிளிப்பர்ஸ் அணிக்குப் போய்விட்டார். அவர் போய்விட்டதைக் காரணம் காட்டி அந்தப் பரிமாற்றத்தைக் குறைத்து மதிப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. டொரான்டோ எதை விலைக்கு வாங்கியதோ அதை முழுமையாகப் பெற்றது.

அணியின் அமைப்புக்குள் வீரர் எங்கே பொருந்துகிறார் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர்தான். ஆட்டமோ 48 நிமிடங்கள். பந்து ஒன்றே ஒன்று. ஒரே பணியைச் செய்யும் இரண்டு நட்சத்திரங்கள் இருந்தால், ஒருவருடைய திறமையில் ஒரு பகுதி வீணாகிறது. 2022 பிப்ரவரியில் சாக்ரமெண்டோ கிங்ஸ், இந்தியானா பேசர்ஸ் இரண்டும் இந்த நிலையில்தான் இருந்தன. கிங்ஸிடம் ஆட்டத்தை வழிநடத்தும் வீரர்களாக டியாரன் ஃபாக்ஸும் டைரிஸ் ஹாலிபர்ட்டனும் இருந்தார்கள். பேசர்ஸிடம் கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்களாக டொமான்டஸ் சபோனிஸும் மைல்ஸ் டர்னரும் இருந்தார்கள். ஹாலிபர்ட்டனும் சபோனிஸும் இடம் மாறினார்கள். அடுத்த பருவத்திலேயே கிங்ஸ், 16 ஆண்டுகளாக எட்ட முடியாதிருந்த பிளேஆஃபை எட்டியது. பேசர்ஸ் 2025இல் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை சென்றது. அந்த ஆட்டத்தில்தான் ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் அறுந்தது. இருதரப்பும் பயனடைந்த பரிமாற்றம் இது என்றாலும், 21 வயது வீரரைப் பெற்ற இந்தியானாவின் பக்கமே என் கணக்கில் தட்டு தாழ்கிறது.

ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற எண்ணை மட்டும் நம்புவோர், 2008 நவம்பரில் டென்வர் நக்கெட்ஸ் ஆலன் ஐவர்சனைக் கொடுத்து டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடமிருந்து சான்சி பில்லப்ஸைப் பெற்றதை நினைத்துப் பார்க்கலாம். புள்ளிகளில் ஐவர்சன் மேலே. ஆனால் பில்லப்ஸ் குறைவான முயற்சிகளில் புள்ளி எடுத்தார், பிறரையும் ஆடவைத்தார். டென்வர் 1985க்குப் பிறகு முதன்முறையாக மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றை அடைந்தது. டெட்ராய்ட் முதல் சுற்றிலேயே வெளியேறியது. பருவ முடிவில் காலாவதியாகவிருந்த ஐவர்சனின் ஒப்பந்தம், பின்னர் புதியவர்களை எடுக்கச் சம்பள இடம் தரும் என்பதும் டெட்ராய்டின் எண்ணமாக இருந்தது.

[திரையில்: மருத்துவப் பரிசோதனை அறை]

விற்கும் அணி, தன் வீரரைப் பற்றி வாங்கும் அணியைவிட எப்போதும் அதிகம் அறிந்திருக்கும். 2017 ஆகஸ்டில் பாஸ்டன் செல்டிக்ஸ் ஐசேயா தாமஸ் உள்ளிட்டோரைக் கொடுத்துக் கைரி எர்விங்கைப் பெற்றபோது, தாமஸின் இடுப்புக் காயத்தைப் பரிசோதித்த கிளீவ்லாந்து, மேலும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கேட்டுப் பெற்றுக்கொண்டது. அது போதவில்லை, தாமஸ் அங்கே 15 ஆட்டங்கள்தான் ஆடினார். டேவிஸின் காயங்களோ எவருக்கும் மறைவானவை அல்ல. டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவர் காயமடைந்தது துரதிர்ஷ்டம்தான், ஆனால் எதிர்பாராத துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. அடுத்த மாதம், அப்போது டல்லாஸ் அணியில் இருந்த எர்விங்குக்கு முழங்கால் தசைநார் அறுந்தது வேறு வகை. அதற்காக ஹாரிசனைக் குறைசொல்வது நியாயமாகாது.

அவர் பொறுப்பேற்க வேண்டியது பேச்சுவார்த்தை நடந்த முறைக்கு. டான்சிச்சைப் போன்ற வீரர் கிடைப்பார் என்று தெரிந்திருந்தால் பல அணிகள் தங்களிடமிருந்த தேர்வுகள் அனைத்தையும் முன்வைத்திருக்கும். பேச்சு ரகசியமாக, லேக்கர்ஸுடன் மட்டுமே நடந்ததால், போட்டி விலை உருவாகவே இல்லை. முதல் சுற்றுத் தேர்வு ஒன்றே ஒன்றுதான் வந்தது. டான்சிச்சை விற்கலாமா என்பதில் இருதரப்பு வாதங்களுக்கும் இடம் உண்டு. இந்த விலைக்கு விற்றதற்கு எந்த வாதமும் எனக்குத் தென்படவில்லை. டிராஃப்டில் முதலில் எடுக்கும் அணி எது என்பதை முடிவுசெய்ய 2025 மே மாதம் நடந்த குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த டல்லாஸுக்கு முதல் இடம் விழுந்து, கூப்பர் ஃபிளாக் என்ற இளம் வீரர் கிடைத்தார். அது குலுக்கலின் கொடை. அதைப் பரிமாற்றத்தின் வரவாக எழுத இயலாது. நவம்பரில் ஹாரிசன் பதவி நீக்கப்பட்டார்.

இனி அந்த 2029 தேர்வு. அதன் இடம் 2028-29 பருவத்தில் லேக்கர்ஸ் எப்படி ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. அவர்கள் சிறப்பாக ஆடினால் தேர்வு பட்டியலின் கீழே இறங்கும். ஆக, டல்லாஸ் கொடுத்த வீரர் எவ்வளவு நன்றாக ஆடுகிறாரோ, அதற்கு ஈடாக வாங்கிய சொத்தின் மதிப்பு அவ்வளவு குறையும். 2025 ஆகஸ்டில் டான்சிச் லேக்கர்ஸுடன் மூன்று ஆண்டுகளுக்கு 16.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன் கடைசி ஆண்டில் தொடர்வதா விலகுவதா என்பதை அவரே முடிவுசெய்யலாம். அந்தக் கடைசி ஆண்டு 2028-29 பருவம்.