ஓடின டெஸ்ட் எத்தனை? பைத்தன் யுனிட் டெஸ்ட்டை டெர்மினல்ல இருந்து தேடி ஓட்டுறது

வணக்கம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைனு பல பக்கத்துல இருந்து பார்க்குற ஏ.எல் ஐசிடி பிள்ளைகளுக்கும், இப்பதான் வேலைக்குச் சேர்ந்து கோட் எழுதத் தொடங்கினவங்களுக்கும் இந்த வீடியோ. விசயம் ஒண்ணுதான். யுனிட் டெஸ்ட்னா, நம்ம கோட்ல ஒரு சின்னப் பகுதி சரியான விடை குடுக்குதானு பார்க்க எழுதுற சின்ன கோட். நாம எழுதி வச்ச யுனிட் டெஸ்ட் எல்லாத்தையும் பைத்தன் தானாத் தேடி எடுத்து ஓட்டணும். அதுக்கு டெர்மினல்ல, அதாவது கட்டளை அடிக்கிற திரையில, ஒரே ஒரு வரி போதும்.

டவுன்லோட் ஒண்ணும் வேணாம். யுனிட்டெஸ்ட்ங்கிற மொடியூல் 2001ல வந்த பைத்தன் 2.1ல இருந்தே கூடவே வருது. டெஸ்ட்டைத் தானாத் தேடுற வசதி 2010ல, 2.7ல சேர்ந்துச்சு. மழை இறங்கினா சிக்னல் போயிடுற லயத்துல இருந்து டேட்டா போட்டுப் படிக்கிறவங்களுக்கு இது சின்ன விசயமில்ல. பைத்தன் இருக்கிற எந்த மெஷின்லயும், பழைய 4 ஜிபி லெப்டொப்லகூட, இதே வரி இதே மாதிரி ஓடும்.

உதாரணத்துக்கு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச செக்ரோல் கணக்கை, அதாவது தேயிலைத் தோட்டத்துல பேர் போடுற கணக்கை எடுப்போம். கொழுந்தை காலை, பகல், அந்தினு மூணு தடவை நிறுக்கிறாங்க. மூணையும் கூட்டணும். தோட்டம் கேட்கிற அளவு வந்திருந்தா முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைஞ்சா அரைப்பேர், அதுல பாதி. கூடினா, கூடின கிலோவுக்குத் தனிக் காசு. அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், இங்க 18 கிலோனு வச்சுக்குவோம். இந்தக் கணக்குல ஒரு இடத்துல "பெரியது அல்லது சமம்"னு வரவேண்டியது வெறும் "பெரியது"னு விழுந்தா, சரியா 18 கிலோ எடுத்த அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்திடும். காலையில இருந்து மலையில நின்ன உழைப்பு அது. அதனால 17.9, 18, 18.1 மூணுக்கும் டெஸ்ட் இருக்கணும். நடுவுல இருக்கிற 12, 25 எல்லாம் அநேகமா சரியாத்தான் வரும். பிழை எப்பவும் எல்லையிலதான் உட்கார்ந்திருக்கும்.

போல்டரைப் பாருங்க. வெளிய பெரிய போல்டர், அதுக்குள்ள கணக்குப் போடுற கொழுந்து டொட் பிவை. பக்கத்துலயே டெஸ்ட்ஸ்னு இன்னொரு போல்டர். அதுக்குள்ள ரெண்டு பைல். ஒண்ணு டெஸ்ட் அண்டர்ஸ்கோர் கொழுந்து டொட் பிவை. மற்றது வெறும் பைல், அதுல ஒரு எழுத்தும் இல்ல. ஆனா பெயர் முக்கியம்: அண்டர்ஸ்கோர் ரெண்டு, இனிட், திரும்ப அண்டர்ஸ்கோர் ரெண்டு, டொட் பிவை. இந்தப் பெயர் எல்லாத்தையும் இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க, ஏன்னு பிறகு சொல்றேன்.

இப்ப டெர்மினல். பெரிய போல்டர்லதான் நிக்கணும், டெஸ்ட்ஸ் போல்டருக்குள்ள போயிடக் கூடாது. அடிக்கிற வரி: பைத்தன், இடைவெளி, ஹைஃபன் எம், இடைவெளி, யுனிட்டெஸ்ட். விண்டோஸ்ல பைத்தன்னு அடிச்சு வேலை செய்யலனா பிவைனு அடிங்க. உபுண்டுல பைத்தன்3. பின்னால ஒண்ணும் குடுக்கலனா அது டிஸ்கவர்னு குடுத்த மாதிரிதான், தேடல் தொடங்கிடும்.

திரையில ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு புள்ளி விழுது பாருங்க. அதுக்குக் கீழ கோடு, கோட்டுக்குக் கீழ "ரான் 6 டெஸ்ட்ஸ்", எவ்வளவு செக்கன்னு ஒரு கணக்கு, கடைசியில ஓகே.

எல்லாரும் கடைசி வரியில இருக்கிற ஓகேயை மட்டும் பார்த்துட்டு மூடிடுறாங்க. நீங்க அதுக்கு மேல இருக்கிற எண்ணைப் பாருங்க. நாம எழுதினது 6, ஓடினதும் 6தானா? இந்த வீடியோவுல நான் சொல்ல வந்ததே அதுதான். ஏன்னா ஒரு டெஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியலனா பைத்தன் சண்டை போடாது. சத்தமில்லாம விட்டுட்டுப் போயிடும். பைத்தன் 3.11 வரைக்கும் ஒரு டெஸ்ட்டுமே கிடைக்காட்டியும் "ரான் 0 டெஸ்ட்ஸ்"னு போட்டு, கீழ ஓகேனும் போட்டுடும். 3.12லதான் "நோ டெஸ்ட்ஸ் ரான்"னு மாத்தினாங்க. அப்பவும், 10ல 3 விடுபட்டா மிச்சம் 7க்கு ஓகேதான் வரும்.

சரி, எப்படி விடுபடும்? ஒவ்வொண்ணா உடைச்சுக் காட்டுறேன்.

பைல் பெயர். தேடல் எடுக்கிறது டெஸ்ட்னு தொடங்கி டொட் பிவைல முடியுற பைலை மட்டும். கொழுந்து அண்டர்ஸ்கோர் டெஸ்ட்னு தலைகீழா வச்சா அது கண்ணுலயே படாது. அண்டர்ஸ்கோருக்குப் பதிலா ஹைஃபன் போட்டாலும் படாது, ஹைஃபன் வந்தா அதை மொடியூலா இம்போர்ட் பண்ண, அதாவது உள்ள எடுத்துக்க, முடியாதுனு தள்ளிடும்.

இன்னொண்ணு தமிழ்ல வேலை செய்யிற நமக்குனே இருக்கிற சிக்கல். பைல் பெயரை டெஸ்ட் அண்டர்ஸ்கோர்னு இங்கிலீஷ்ல தொடங்கி, "பேர்"னு தமிழ்ல முடிச்சிருக்கேன். பாருங்க, எண்ணிக்கை ஏறல. உள்ள பெயரைச் சரிபார்க்கிற ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கிற விதி, "ப", "ர" மாதிரி எழுத்தை எழுத்தா எடுத்துக்குது. ஆனா கொம்பு, கால், புள்ளி வந்தா எழுத்துனு ஒத்துக்கிறதில்ல. "பே"ல இருக்கிற கொம்புலயே நின்னுடுது. அதனால பைல் பெயர் இங்கிலீஷ்லயே இருக்கட்டும். ஆனா உள்ள எழுதுற டெஸ்ட் பங்ஷனுக்கு இந்தத் தடை இல்ல. டெஸ்ட் அண்டர்ஸ்கோர்னு தொடங்கி, பிறகு "சரியா18கிலோ_முழுப்பேர்"னு தமிழ்ல எழுதினா அழகா ஓடும். நான் அப்படி எழுதத்தான் சொல்வேன். எது உடைஞ்சுதுனு வாசிச்ச உடனே புரியும்.

அடுத்தது அந்த வெறும் பைல், இனிட். அதை இப்ப அழிக்கிறேன். திரும்ப ஓட்டுறேன். ரான் 0. இனிட் இல்லாத உள் போல்டருக்குள்ள தேடல் இறங்காது. அவ்வளவுதான் காரணம். டெஸ்ட்ஸ் போல்டருக்குள்ள இன்னும் போல்டர் இருந்தா, ஒவ்வொண்ணுலயும் ஒரு இனிட் வேணும்.

பங்ஷன் பெயரும் அதேதான். டெஸ்ட்னு சின்ன எழுத்துல தொடங்கணும். பெரிய டி போட்டாலோ, செக் அண்டர்ஸ்கோர்னு தொடங்கினாலோ அது டெஸ்ட் கணக்குல வராது. கிளாஸ் யுனிட்டெஸ்ட்டோட டெஸ்ட்கேஸ்ல இருந்து வந்திருக்கணும். ஒரே கிளாஸ்ல ரெண்டு பங்ஷனுக்கு ஒரே பெயர் வச்சா பின்னால வர்றது முன்னால இருந்ததை அழிச்சிடும். மேல இருக்கிறதைக் கொப்பி பண்ணிக் கீழ ஒட்டி, பெயரை மாத்த மறந்தா இதுதான் நடக்கும். எண்ணிக்கையில ஒண்ணு குறையும், வேற அடையாளமே இருக்காது.

உங்க பைல் எதுக்கும் யுனிட்டெஸ்ட் டொட் பிவைனு பெயர் வச்சிடாதீங்க. பைத்தன் முதல்ல நீங்க நிக்கிற போல்டரைத்தான் பார்க்கும். உண்மையான யுனிட்டெஸ்ட்டை விட்டுட்டு உங்க பைலை ஓட்டிடும்.

வரியை அடிச்ச பிறகு திரை அப்படியே நின்னு போச்சா? இது ஏ.எல் பிள்ளைகள் கோட்ல அதிகம். தேடும்போது பைத்தன் ஒவ்வொரு டெஸ்ட் பைலையும் இம்போர்ட் பண்ணுது, அது கொழுந்து டொட் பிவையையும் இம்போர்ட் பண்ணுது. அந்த பைல்ல பங்ஷனுக்கு வெளிய "எத்தனை கிலோ?"னு ஒரு இன்புட் இருந்தா, அது நீங்க விடை அடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கும். இன்புட்டையும் பிரிண்டையும் மெயின் பங்ஷனுக்குள்ள போட்டு, அந்த பைலை நேரா ஓட்டினா மட்டும் மெயினைக் கூப்பிடுற இஃப் வரியைக் கடைசியில வைங்க. கணக்கு தனி பங்ஷனா இருக்கட்டும். டெஸ்ட் பண்ணக் கூடிய கோட்டுக்கு முதல் தகுதியே அதுதான்.

இனி தேடலை நாமளே திருப்பலாம். டிஸ்கவர்னு எழுதி, ஹைஃபன் எஸ் போட்டு எந்த போல்டர்ல தொடங்கணும்னு சொல்லலாம். ஹைஃபன் பி (பேட்டர்ன்ல வர்ற பி) பைல் பெயரோட பேட்டர்ன். ஹைஃபன் டி (டெஸ்ட்ல வர்ற டி) புரொஜெக்டோட மேல் போல்டர். டெஸ்ட் பைலுக்குள்ள பக்கத்து பைலைப் புள்ளி போட்டு இம்போர்ட் பண்ணியிருந்தா வெறும் ஹைஃபன் எஸ் போதாது, "ரிலேட்டிவ் இம்போர்ட்"னு எரர் கத்தும். ஹைஃபன் டிக்குப் பிறகு ஒரு புள்ளி வச்சா சரியாகும், இனிட் பைலும் இருக்கணும்.

ஹைஃபன் பிக்குப் பிறகு வர்றதைக் கட்டாயம் மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. உபுண்டுல குறி இல்லாம நட்சத்திரம் போட்டா, பைத்தனுக்குப் போறதுக்கு முன்னாலயே ஷெல், அதாவது டெர்மினல்ல நம்ம வரியை வாங்குற புரோகிராம், அதைப் பொருந்துற பைல் பெயர்களா விரிச்சிடும். அந்த போல்டர்ல பொருந்துற பைல் ரெண்டு இருந்தா, முதல் பெயர் மட்டும் பேட்டர்னாப் போகும், மற்றது தொடக்க போல்டர்ங்கிற இடத்துல போய் ஒட்டிக்கும். விண்டோஸ் கொமாண்ட் புரொம்ப்ட்ல வேற கதை. அங்க ஒற்றைக் குறி குறியே இல்ல, அதையும் பெயரோட ஒரு பகுதியா எடுத்துக்கிட்டு ஒண்ணுமே கிடைக்கலனு சொல்லும். இரட்டைக் குறி போட்டா எல்லா இடத்துலயும் ஓடும்.

இப்ப ஒரு டெஸ்ட் விழுறதைக் கிட்டப் பார்ப்போம். 18.6 கிலோ வந்தா மேல் கிலோ 0.6னு ஒரு டெஸ்ட் வச்சிருக்கேன். ஓட்டுறேன். புள்ளிகளுக்கு நடுவுல ஒரு எஃப். கீழ டெஸ்ட்டோட முழுப் பெயர், எந்த பைல், எத்தனையாவது வரி, எல்லாம் இருக்கு. கடைசி வரியை வாசிங்க: அஸெர்ஷன் எரர், 0.6000000000000014, சமமில்லைங்கிற குறி, 0.6. இடது பக்கம் நம்ம கோட் குடுத்தது, வலது பக்கம் நாம எதிர்பார்த்தது. அசெர்ட் ஈக்குவலுக்குள்ள அந்த ஒழுங்குல எழுதியிருக்கேன், திரையிலயும் அதே ஒழுங்குலதான் வரும்.

கழித்தல்ல பிழை இல்ல. 18.6ஐ பைனரியில முழுசா எழுத முடியாது. கிட்டத்தட்ட வர்ற எண்ணைத்தான் கொம்பியூட்டர் வச்சிருக்கு, 18ஐக் கழிச்ச உடனே மறைஞ்சிருந்த வால் வெளிய வந்துடுச்சு. அசெர்ட் ஆல்மோஸ்ட் ஈக்குவல் போட்டா 7 தசம இடத்துக்கு ஒப்பிட்டு விட்டுடும், டெஸ்ட்டும் பாஸ் ஆகும். ஆனா சம்பளக் கணக்குல அது எனக்குப் பிடிக்கல. நிறையைக் கிராமா, காசை சதமா, முழு எண்ணாவே வச்சிருங்க. 18600ல 18000 போனா 600. வாலே இல்ல.

எஃப் வந்தா விடை தப்பு. இ வந்தா விடை வர்றதுக்கு முன்னாலயே கோட் உடைஞ்சு போச்சு. "ஃபெயில்ட் டு இம்போர்ட் டெஸ்ட் மொடியூல்"னு ஒரு இ வந்தா, அந்த பைல்ல இருக்கிற ஒரு டெஸ்ட்டும் ஓடலனு அர்த்தம். 6 டெஸ்ட் இருக்கிற பைல் எண்ணிக்கையில 1ஆத்தான் தெரியும். கீழ "நோ மொடியூல் நேம்ட்"னு இருந்தா, பெரும்பாலும் நீங்க டெஸ்ட்ஸ் போல்டருக்குள்ள நின்னுக்கிட்டு ஓட்டுறீங்க. ஒரு படி மேல வாங்க.

தினம் கை போற சின்ன எழுத்துகள் சில. ஹைஃபன் வி ஒவ்வொரு டெஸ்ட்டோட பெயரையும் போடும், எது விடுபட்டதுனு தேட இதுதான் வழி. தமிழ்ப் பெயர் வச்சு விண்டோஸ்ல யூனிகோட் எரர் வந்தா, பைத்தனுக்கு அடுத்து ஹைஃபன் பெரிய எக்ஸ், இடைவெளி, யுடிஎஃப்8 சேருங்க. ஹைஃபன் எஃப் முதல் பிழையில நிறுத்தும். ஹைஃபன் கே, 3.7ல இருந்து இருக்கு, பெயர்ல ஒரு துண்டு குடுத்தா அது வர்ற டெஸ்ட் மட்டும் ஓடும். ஹைஃபன் பி பாஸ் ஆன டெஸ்ட்டோட பிரிண்டை மறைக்கும். டிஸ்கவருக்குப் பின்னால வர்ற பேட்டர்ன் பி இல்ல இது, இங்கிலீஷ்ல ரெண்டாவது எழுத்து.

பைடெஸ்ட் பற்றிக் கேட்பீங்க. அதுவும் டெஸ்ட் தேடி ஓட்டுற நல்ல கருவி, வேலை இடங்கள்ல அதிகம் அதுதான். பைத்தனுக்குக் கூடுதல் கருவி இறக்குற பிப்ல இன்ஸ்டோல் பண்ணணும். நீங்க யுனிட்டெஸ்ட்ல எழுதினதையும் அப்படியே ஓட்டும், கொழுந்து அண்டர்ஸ்கோர் டெஸ்ட்னு தலைகீழ்ப் பெயரையும் எடுத்துக்கும். ஓட்டாம, எதெல்லாம் கிடைச்சுதுனு மட்டும் பார்க்க கலெக்ட் ஒன்லினு ஒரு வசதி இருக்கு. டேட்டா இருக்கும்போது போட்டு வச்சுக்கங்க.

கடைசியா எக்ஸிட் கோட், அதாவது ஓடி முடிஞ்ச புரோகிராம் டெர்மினலுக்குக் குடுத்துட்டுப் போற எண். அதைப் பார்க்கிறது இப்படி. டெஸ்ட் முடிஞ்ச உடனே, உபுண்டுல எக்கோ, டொலர் குறி, கேள்விக்குறி. கொமாண்ட் புரொம்ப்ட்ல எக்கோ, ரெண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு நடுவுல எரர்லெவல். எல்லாம் பாஸ்னா 0. விழுந்திருந்தா 1. 3.12ல இருந்து ஒரு டெஸ்ட்டும் ஓடலனா 5, பைடெஸ்ட்லயும் அதே 5தான். பல வரியை வரிசையா ஓட்டுற பெட்ச் பைல்லயோ, கிட்ல புஷ் பண்ணுறதுக்கு (கோட்டை சேர்வருக்கு அனுப்புறதுக்கு) முன்னாலயோ இதை ஓட்ட வச்சா, 0 இல்லனா நிறுத்துனு ஒரு வரி எழுதிடுங்க. பைத்தன் 3.11ஓ அதுக்குக் கீழயோ வச்சிருக்கிறவங்க அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. அங்க ஒண்ணுமே ஓடாட்டியும் 0 வரும். ஹைஃபன் வி போட்டு பெயர்களை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுப் புஷ் பண்ணுங்க.