மழையைப் பார்த்தால் போதாது, காற்றைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் சேலம் அம்மாப்பேட்டையில் தறிச்சத்தத்தில் வளர்ந்தவன். வேலை நிமித்தமாகத் தூத்துக்குடியில் பத்து வருஷம் இருந்தபோது பாய்மரப் படகின் மேல் ஆசை பிடித்தது. இன்றுவரை விடவில்லை. வருஷம் ஒரு தடவையாவது கடலுக்குப் போய்விடுவேன்.

நம் ஊரில் வானிலை என்றால் மழைதான். ஏற்காட்டு மலைமேல் மேகம் கவிந்தால் கொடியில் காயும் துணியை எடுப்போம். நமக்கு அது போதும். பாய் விரித்துப் போகிறவருக்கு மழை அப்புறம், முதலில் காற்று. இதை நான் கற்றுக்கொண்டது ஓர் ஆடி மாதத்தில்.

அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கரையோரத் தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. இதைவிட நல்ல நாள் ஏது என்று, எனக்குப் பழக்கமான வள்ளக்காரரிடம் போய், "அண்ணாச்சி, கிளம்பலாமா?" என்றேன். அவர் வலை பின்னுவதை நிறுத்தாமல், "தம்பி, கரையைப் பார்க்காதீங்க. அந்தா, தூரத்துல பாருங்க" என்றார். பார்த்தேன். அடிவானத்துக்கு முன்னால் அங்கங்கே வெள்ளை வெள்ளையாக ஏதோ தோன்றித் தோன்றி மறைந்தது. அலைகளின் தலை உடைந்து நுரை பறக்கிறது! மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும்போது கரையோரம் அலை எழும்ப இடமிருக்காது. உள்ளே போகப் போகத்தான் எழும்பும். பாயை விரித்தால் காற்று அதுவாகவே இழுத்துக்கொண்டு போய்விடும்; திரும்பி வருவதுதான் பாடு. அன்று நான் கிளம்பியிருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

ஏன் அப்படி? தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. காற்று மட்டும் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்களே, அதே காற்றுதான். அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தூத்துக்குடியில் மழை அபூர்வம். ஆனால் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்கிறோம். கரையில் அம்மி, கடலில் வள்ளம். மறுபடியும் சொல்கிறேன்: வானம் வெளுத்திருந்தால் கடல் அமைதி என்று அர்த்தமில்லை.

சரி, எப்போதுதான் போவது? மாசியும் பங்குனியும். வாடைக்காற்று தளர்ந்து, மேல்காற்று இன்னும் தொடங்காத இடைவெளி அது. விடியற்காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று கடலுக்கு வீசும். நிலம் சூடேறியதும் கடல்காற்று கரைக்குத் திரும்பும். எஞ்சின் வராத காலத்தில் மீனவர்கள் முன்னதில் பாய் விரித்துப் போய், பின்னதில் வீடு திரும்பினார்கள். புதிதாகப் பழகுகிறவருக்கும் இதுதான் தோது. நமக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். சேர்வராயன் மலையில் கோடைமழை ஒன்று பெய்து காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து மணக்கின்றனவா? அமைதியான நாட்கள் முடியப்போகின்றன, சீக்கிரம் கிளம்புங்கள்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அது மீன் இனப்பெருக்கத்துக்காக. பாய்ப்படகுக்காரர் அதை வைத்துக் காற்றைக் கணக்கிடக் கூடாது.

வாடைக்காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஐப்பசி முதல் மார்கழி வரை புயல் காலம், பாயைத் தொடாதீர்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 எண் வரை உண்டு. 1 என்றால் தூரத்தில்தான் இருக்கிறது என்று சிலர் கிளம்புவார்கள். அந்த 1 ஏறினாலே படகைக் கரையேற்றிவிடுங்கள். வணக்கம்.