வாய்க்கால் தண்ணிக்கு மேல ஒரு காடு

வானொலி கேட்டுட்டு இருக்கற எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபி பக்கம் கீழ்பவானி பாசனத்துல வெள்ளாமை பண்ற குடும்பமுங்க நாங்க. நான் ஸ்கூல்ல விலங்கியல் சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆயிட்டேன், ஆனா மனசு பூரா முப்பது வருசமா மேல நீலகிரி குந்தா மலையிலதான் கெடக்குது.

ஆகஸ்ட் 15 வாக்குல வாய்க்கால்ல தண்ணி உட்டா பூப்போட்டு கும்புடறோம். அது பவானிசாகர்ல இருந்து வருதுன்னு சின்னக்கொழந்தைக்கும் தெரியும். அங்க எப்படி வருதுன்னா மழைன்னு சொல்லுவீங்க, சரிதானுங்க. ஆனா மழை நின்னு ரெண்டு மாசமான பொறகும் ஆத்துல தண்ணி ஓடுதே, அது எங்கிருந்துங்க?

இத எங்கய்யனுக்கு காட்டணும்னு ஒருக்கா மாசி மாசத்துல, வனத்துறைல பர்மிஷன் வாங்கி, மேல்பவானி பக்கம் கூட்டிட்டு போனேன். பஸ்ஸுல, ஜீப்புல, அப்புறம் நடை. மலை பூரா மொட்டையா காஞ்ச புல்லு, அய்யனுக்கு சப்புனு போச்சு, "காடுன்னியே, எங்கடா மரம்?"ன்னாரு. வாங்கன்னு ஒரு பள்ளத்துக்குள்ள கூட்டிட்டு போனேன், அங்கதானுங்க சோலை. மரமெல்லாம் குட்டைகுட்டையா முறுக்கிக்கிட்டு, பட்டை தெரியாத அளவுக்கு பாசி, கெளையில ஆர்க்கிட், உள்ள கால் வெச்சா ஏசி ரூம்பு மாதிரி சில்லுன்னு. அய்யன் ஒரு கை பாசிய எடுத்து பிழிஞ்சாருங்க. மாசி மாசமுங்க, மழை பேஞ்சு ரெண்டு மாசமாச்சு, அந்த பாசியில இருந்து தண்ணி சொட்டுது! கீழ பாறை இடுக்குல கைத்தண்டி கனத்துக்கு ஓடைத்தண்ணி. அள்ளி குடிச்சிட்டு, செருப்ப கழட்டி ஓரமா வெச்சுட்டாரு. "இது நம்ம கெணத்துக்கெல்லாம் மேல இருக்கற கெணறுடா"ன்னாரு. அதுக்கப்புறம் ஊர்ல ஒரம்பரை யாரு வந்தாலும் இந்தக் கதைதான்.

சோலை மட்டும் இல்லீங்க, அந்த புல்லுந்தான். மழைய, மேகத்த ரெண்டும் சேந்து புடிச்சு வெச்சு, கொஞ்சங்கொஞ்சமா உடுது. 2019 ஆகஸ்ட்ல அதே நீலகிரியில அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பேஞ்சுது, கோயமுத்தூருக்கு சாதாரணமா வருசம் பூரா சேந்தாலும் அவ்வளவு வராதுங்க. மேல்பவானி பக்கம் இருந்து பவானி ஆறு சைலண்ட்வேலி வழியா கேரளாவுக்குள்ள போயி, முக்காலிங்கற ஊருகிட்ட திரும்பி, அட்டப்பாடி வழியா நம்ம பில்லூர் அணைக்கு வருது.

புல்வெளி ஏன் மரமில்லாம மொட்டையா இருக்குது? உறைபனிங்க. மார்கழி, தையில வெட்டவெளியில சோலை மரத்து நாத்து பொழைக்காது, கருகிரும். புல்லுக்கு மேல கருகுனாலும் வேர்ல உசுரு இருக்கும். இது தெரியாம வெள்ளக்காரங்க தரிசுன்னு நெனச்சு வாட்டில்னு சொல்ற சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டாந்து நட்டாங்க, சுதந்திரம் வந்த பொறகும் நட்டுட்டேதான் இருந்தோம். ஆஸ்திரேலியா சீகைக்கு பனி ஒண்ணும் பண்றதில்ல. வெட்டுனாலும் மண்ணுக்குள்ள கெடக்கற வெதை வருசக்கணக்கா காத்திருந்து குபுகுபுன்னு மொளைக்கும், நம்மூரு பார்த்தீனியம் மாதிரி. திரும்பத் திரும்ப சொல்றேன்னு நெனைக்காதீங்க, அந்த புல்லுக்காடு தரிசு இல்லீங்க, தரிசு இல்லவே இல்ல.

வரையாட்டுக்கும் அதுதான் வீடு. நம்ம மாநில விலங்குங்க, ஒலகத்துலயே மேற்குத்தொடர்ச்சி மலையில மட்டுந்தான் இருக்குது. வால்பாறைக்கு மேல அக்காமலை புல்வெளியில குட்டியோட கூட்டமா பாத்திருக்கேன், செங்குத்துப் பாறையில நாம படி ஏறறாப்ல ஏறும். மரம் மூடிட்டா மேய்ச்சலும் போச்சு, புலி, சிறுத்தை வர்றதும் தூரத்துல இருந்து தெரியாது.

மணி ஆயிருச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டறாங்க. கருமந்தி, சிரிப்பான் குருவி, மலையே செவக்க பூக்கற காட்டுப்பூவரசு எல்லாம் சொல்லணும்னு எழுதிட்டு வந்தேன். குறிஞ்சி மட்டும் ஒரு வார்த்தை, பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா பூக்கற நீலக்குறிஞ்சி 2018ல பூத்துச்சு, அடுத்தது 2030. பாக்கப்போனா பூவப் பறிக்காதீங்க, அந்தப்பூ வெதையானாத்தான் அடுத்த செடி. வணக்கமுங்க.